மாசக் கடைசி பேக்கப்

மதுரைக் கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகளுக்குள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது வாட் வரிதான். 1939இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இந்தத் தெருவுக்கும் வரி அலுவலகத்துக்கும் பழக்கம் உண்டு. ஆனால் அதுவரை பேரேடும் சிட்டையும் போதுமானதாக இருந்தன. 2007 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். கழிக்க வேண்டுமானால் ஒவ்வொரு கொள்முதல் பில்லுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். கடைகள் ஒவ்வொன்றாக டேலி என்ற கணக்கு மென்பொருளை வாங்கின. டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மாடிகளில் டேலி வகுப்புகள் நடந்தன. திருமங்கலம், மேலூர், திருப்புவனம், உசிலம்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பி.காம். முடித்த பெண்கள் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, கடைகளின் மச்சுப்படி ஏறிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்தேன்.

கடையில் ஏற்கெனவே ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். எல்லாருக்கும் அவர் ஐயா. கம்ப்யூட்டரை அவர் தொட்டதே இல்லை. என் எண்கள் சரிதானா என்று பார்ப்பதற்காகத் தன் பேரேட்டையும் கொஞ்ச காலம் கூடவே எழுதிவந்தார். அவர் கையில் ஒரு தொகை தவறிவிட்டால் அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே பழைய எண் தெளிவாகத் தெரியும். மேலே சரியான எண், ஓரத்தில் சின்னக் கையெழுத்து, தேதி. ரப்பரையோ பிளேடையோ கணக்கு நோட்டுப் பக்கத்தில் வைக்க விடமாட்டார். சுரண்டிய தாளைப் பார்த்தால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம்தான் வரும், கோடு போட்ட தாளைப் பார்த்தால் நம்பிக்கை வரும் என்பார். எனக்கு அப்போது அது ஒரு பழைய மனிதரின் பிடிவாதமாகத்தான் பட்டது. என் திரையில் தவறான எண்ணுக்கு மேலேயே சரியான எண்ணை அடித்தால் போதும், தடயம் இருக்காது. அதைத்தான் டேலியின் பெரிய வசதி என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லியும் கொடுத்தார்கள்.

2012இல் மின்வெட்டு தமிழ்நாட்டை வாட்டியபோது மதுரைக் கடைத்தெரு நாளில் பல மணி நேரம் இருட்டில் கிடந்தது. யு.பி.எஸ். தாங்கவில்லை. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை அணையும். மறுபடி திறந்தால் டேலி தரவு கெட்டுவிட்டது என்று செய்தி வரும். கன்ட்ரோல் ஆல்ட் ஆர் கொடுத்துத் தரவை மறுபடி எழுதச் சொன்னால் சில நாள் மீண்டு வரும், சில நாள் இரண்டொரு பில்கள் காணாமல் போகும். அப்போது ஐயா ஒரு ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பேக்கப் எடுத்து, பழையதன்மேல் எழுதாமல், தனித்தனியாக வைக்க வேண்டும். முதலில் சி.டி., பிறகு பென் டிரைவ். உறையின்மேல் மாதத்தையும் ஆண்டையும் அவரே எழுதி, கல்லாவுக்குப் பின்னால் இருந்த இரும்புப் பெட்டியில் பூட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றாம் தேதி காலையில், "குடும்மா" என்று கை நீட்டத் தவறியதில்லை. நான் பிள்ளைப்பேற்றுக்காக ஊரில் இருந்த மாதங்களில்கூட, எனக்குப் பதிலாக வந்த பையனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. பருப்பு வியாபாரத்தில் அதன் சிக்கல் வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியாது. சில்லறையாகப் பிரித்து விற்கும் மூட்டைப் பருப்புக்கு வரியில்லை. அதே பருப்பைப் பதிவு செய்த பிராண்டு பெயரோடு பையில் அடைத்தால் 5 சதவீதம். பிறகு 2022 ஜூலை 18 முதல் பிராண்டு என்ற பேச்சு போய், 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய பைக்கு வரி என்று ஆனது. அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை தலையெடுத்தது அதனால்தான். எங்கள் கடையில் இரண்டு வகையும் உண்டு. விருதுநகர் மில்லிலிருந்து வரும் மூட்டை உளுந்தும், எங்கள் பெயர் போட்ட சின்னப் பைகளும் ஒரே பில் வரிசையில்தான் போயின.

அந்த முதல் ஆண்டான 2017–18க்குத்தான் தணிக்கை வந்தது. நோட்டீஸ் ஏ.டி.டி-01 என்ற படிவத்தில், ஆங்கிலத்தில், கேட்கும் பதிவேடுகளின் நீண்ட பட்டியலோடு வந்திருந்தது. அண்ணாச்சி, எங்கள் முதலாளி, அதை என்னிடம் நீட்டிக் கேட்டது ஒன்றுதான்.

"கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போயிருவாய்ங்களாம்மா?"

கடைத்தெரு முழுக்க அந்தப் பயம் உண்டு. அதில் ஒரு பகுதி நியாயமானது, இன்னொரு பகுதி நியாயமில்லாதது. ஒரே டேலிக்குள் இரண்டாம் நம்பர் கணக்கை வேறு பெயரில் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் பயத்துக்கு நான் மருந்து சொல்ல முடியாது. ஆனால் நேர்மையாகக் கணக்கு வைத்திருப்பவர்களும் அதே அளவு நடுங்குகிறார்கள். காரணம், சோதனையும் தணிக்கையும் வேறுவேறு என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 67ஆம் பிரிவு சோதனையிடவும் கைப்பற்றவும் அதிகாரம் தருகிறது. எங்களுக்கு வந்தது 65ஆம் பிரிவு. அதில் குறைந்தது 15 வேலைநாள் முன்னதாக அறிவிக்க வேண்டும், தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆணையர் இன்னும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம். கேட்ட ஆண்டின் கணக்கை நாம் காட்டுகிறோம், அவர்கள் பார்க்கிறார்கள். இதை எங்கள் ஆடிட்டர் விளக்கிச் சொன்ன பிறகுதான் அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிடப் போனார்.

எலெக்ட்ரானிக் கணக்குக்கென்றே ஜி.எஸ்.டி. விதிகளில் 57ஆம் விதி இருக்கிறது. முறையாகப் பேக்கப் வைத்திருக்க வேண்டும். கேட்டால் அச்சிட்டோ கம்ப்யூட்டரில் படிக்கக்கூடிய வடிவிலோ சான்றளித்துக் கொடுக்க வேண்டும். எந்தெந்தக் கோப்பு, அதற்கு என்ன கடவுச்சொல், உள்ளே பயன்படுத்தியிருக்கும் குறியீடுகளுக்கு என்ன பொருள் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. எங்கள் சரக்குப் பெயர்களெல்லாம் தெருவுக்குள் மட்டும் புழங்குபவை. 'எஃப்.ஏ.க்யூ.', 'எஸ்.க்யூ.' என்றால் பர்மா உளுந்தின் இரண்டு தரம். 'லெமன்' என்றால் எலுமிச்சை இல்லை, பர்மாத் துவரை. 'ஃபட்கா' என்பது துவரம்பருப்பின் ஒரு ரகம். வாடிக்கையாளர் பெயர்களோ இன்னும் மோசம். 'மேலூர் தேங்காய்க்கடை', 'வாடிப்பட்டி பெரியவர்' என்றுதான் லெட்ஜர் திறந்திருந்தோம். பெயருக்குப் பக்கத்தில் அவரவர் நிறுவனப் பெயரும், 33இல் தொடங்கும் 15 இலக்கப் பதிவெண்ணும், சரக்குக்கு நேரே வரி உண்டா இல்லையா என்பதும் சேர்த்து ஒரு விளக்கப் பட்டியல் தயாரித்தேன். அந்தப் பட்டியல்தான் பின்னால் எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது.

கணக்கில் கைவைப்பதற்கு முன்னால், அது இருந்த நிலையிலேயே முழுத் தரவையும் பிரதி எடுத்தோம். ஒன்று ஆடிட்டரிடம், ஒன்று ஐயாவின் பெட்டியில். அதற்குள் கடை டேலி பிரைமுக்கு மாறியிருந்தது. பழைய தரவைப் புதிய பதிப்பு தன் வடிவுக்கு மாற்றிக்கொண்டால், மாற்றியதைப் பழையது திறக்காமல் போகலாம். நல்லவேளை, டேலி இ.ஆர்.பி. 9 இருந்த பழைய சி.பி.யு.வைக் குடோனில் வைத்திருந்தோம். அதைத் தூசி தட்டி மேலே கொண்டுவந்தோம். பேக்கப்பை மீட்கும்போது நடப்புத் தரவு இருக்கும் ஃபோல்டரையே காட்டிவிட்டால் அது நடப்பின்மேல் எழுதிவிடும் என்பதால், ஒவ்வொரு பேக்கப்புக்கும் தனி ஃபோல்டர் திறந்தேன்.

டேலியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண்தான் ஃபோல்டர் பெயர். எதில் என்ன என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். அப்படித் திறந்தபோது ஒன்றில் அண்ணாச்சி வீட்டுக் கல்யாண மொய்க் கணக்கு இருந்தது. இன்னொன்றில் அவர் தங்கை குடும்பத்துக் கடையின் கணக்கு. மதுரை வட்டாரத்தில் மொய் எழுதக் கம்ப்யூட்டர் வந்து பல காலமாகிறது, கடைக் கம்ப்யூட்டரிலேயே அதையும் ஏற்றிவைப்பதும் வழக்கம்தான். யார் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பது வரி அலுவலகம் கேட்டதும் இல்லை, அவர்களுக்கு வேண்டியதும் இல்லை. முழு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுப்பது நேர்மை என்று நினைப்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியாது. கேட்ட கம்பெனி, கேட்ட ஆண்டு, அதை முழுசாக, ஒன்றும் மறைக்காமல் கொடுக்க வேண்டும். அடுத்த வீட்டுக் கணக்கைத் தூக்கிக்கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் கணக்கு உதைத்தது. பிராண்டுப் பைகள் வாங்கிய பதிவு பெற்ற கடைகளின் பில்களை எண் வாரியாக ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னில் ஏற்றியிருந்தோம். நவம்பர் நடுப்பகுதி வரை அந்த எண்களும் டேலியின் எண்களும் ஒன்றாக இருந்தன. அதற்குப் பிறகு ஆண்டு முடியும் வரை ஒவ்வொரு பில்லும் டேலியில் ஒரு எண் குறைவாக நின்றது. தொகை சரி, பெயர் சரி, தேதி சரி. எண் மட்டும் இல்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ ஒரு பில்லைத் தூக்கிவிட்டு வரிசையைச் சரிக்கட்டியது போலத்தான் இருக்கும்.

டேலியில் பில்லை நீக்க இரண்டு வழி. ஆல்ட் எக்ஸ் அழுத்தினால் பில் ரத்தாகும், எண் அப்படியே நிற்கும், டே புக்கில் ரத்து என்றே தெரியும். ஆல்ட் டி அழுத்தினால் பில்லே இருந்த இடம் தெரியாமல் போகும். எண்கள் தானாக விழும்படி வைத்திருந்தால், அன்றைய பதிப்பில் பின்னால் உள்ள பில்கள் எல்லாம் ஒவ்வொரு படி இறங்கிக்கொள்ளும். பிறகு வந்த பதிப்புகளில் பழைய எண்ணையே நிறுத்திவைக்க வசதி வந்துவிட்டது. அந்த இரண்டு விசைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் சொல்லிக்கொடுக்காமல் ஒருவரைக் கணக்கு எழுத அனுப்பக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

யாரோ ஆல்ட் டி அழுத்தியிருக்கிறார்கள். எந்தப் பில்லை, எப்போது, ஏன்?

செய்தி கடைக்குள் பரவியதும் யோசனைகள் வந்தன. அண்ணாச்சியின் சொந்தக்காரர் ஒருவர் சட்டென்று வழி சொன்னார். "நவம்பர்ல ஒரு டம்மி பில்லப் போட்டு உடனே ரத்து பண்ணிருங்க. நம்பர் எல்லாம் தன்னால ஏறிக்கிரும்."

அவர் சொன்னது தொழில்நுட்பப்படி சரிதான். ஒரு நிமிட வேலை. வரிசை அழகாக நேராகிவிடும். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார், நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நோட்டீஸ் வந்தப்பறம் கணக்குல பேனா படக்கூடாது அண்ணாச்சி. உள்ளத உள்ளபடி குடுப்போம். என்ன நடந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கூட வைப்போம்."

பிறகு எழுந்துபோய் இரும்புப் பெட்டியைத் திறந்து உறைகளை மேஜைமேல் பரப்பினார்.

ஒவ்வொரு மாதக் கடைசியையும் தனித்தனி ஃபோல்டரில் மீட்டுத் திறந்தோம். 2017 நவம்பர் கடைசியில் காணாமல் போன பில் இருந்தது. டிசம்பரில் இருந்தது. 2018 மார்ச்சில், ஏப்ரலில், மே கடைசியில்கூட இருந்தது, எண்களும் ரிட்டர்னோடு ஒத்துப்போயின. ஜூன் கடைசியில் இல்லை. நான் ஊரில் இருந்த மாதம் அது. நீக்கப்பட்டது மேலூர் தேங்காய்க்கடைக்குப் போட்ட மூட்டைப் பருப்பு பில். வரியில்லாத சரக்கு. அத்தகைய பில்கள் ரிட்டர்னில் எண் வாரியாகப் போவதில்லை, மொத்தத் தொகையாகத்தான் போகும். அதனால்தான் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை. காரணமும் கிடைத்தது. சரக்கு ஈரமாகிவிட்டது என்று அதே வாரத்தில் மூட்டைகள் திரும்பி வந்திருந்தன. திரும்பி வந்ததற்கான சீட்டும், அவர்கள் திருப்பிக் கொடுத்த பில்லும் பின் அடித்தபடியே பழைய பில் கட்டில் கிடந்தன. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அந்த லெட்ஜரில் பாக்கி நின்றிருக்கிறது. கிரெடிட் நோட்டு போட வேண்டிய இடத்தில் அந்தப் பையன் பில்லையே தூக்கிவிட்டான். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. அவனுக்கு அது ஒரு பாக்கியை முடிக்கும் வழியாகத் தெரிந்திருக்கிறது.

தணிக்கைக் குழு கடைக்கே வந்தது. மச்சில் மிளகாய் மூட்டை நெடியில் தும்மிக்கொண்டே வேலை பார்த்தார்கள். நான் கொடுத்தவை: ஐந்தொகை, லாப நட்டக் கணக்கு, விற்பனை, கொள்முதல், இருப்புப் பதிவேடுகள் அச்சிட்டு முத்திரை வைத்தது, அதே தரவின் பேக்கப் பென் டிரைவில், கடவுச்சொல் எழுதிய மூடிய உறை, குறியீட்டு விளக்கம், கடைசியாக, எண் மாறிய கதையைச் சொல்லும் ஒன்றரைப் பக்கத் தாள், தமிழில். கொடுத்த பிரதிக்கு ஒரு கடவுச்சொல், கடையில் ஓடும் கணக்குக்கு வேறு கடவுச்சொல் என்று முன்பே மாற்றிவைத்திருந்தேன்.

குழுவுக்குத் தலைமையாக இருந்த அதிகாரி அந்தத் தாளை முதலில் படித்தார். "மே பேக்கப்பைத் திறங்கம்மா" என்றார். திறந்தேன். ஜூனையும் திறக்கச் சொன்னார். இரண்டு பேக்கப்புகளின் டே புக்கையும் அச்செடுக்கச் சொல்லி, பக்கத்தில் பக்கமாக வைத்து, திரும்பி வந்த சீட்டின் தேதியையும் லாரி செட் ரசீதையும் ஒப்பிட்டார். வேறு சில பில்களைத் தாமாகத் தேர்ந்தெடுத்து லாரி ரசீதுகளோடு சரிபார்த்தார். மாலை வரை நடந்தது. கடைசியில் எங்கள் தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதித் தம் கோப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பில் பற்றி அதன்பின் ஒரு கேள்வியும் வரவில்லை. டம்மி பில் போட்டிருந்தால் ரிட்டர்னோடு எண்கள் ஒத்துப்போயிருக்கும், ஆனால் இல்லாத ஒரு பில்லுக்கு அவர் காரணம் கேட்டிருப்பார். அதற்கு நாங்கள் பொய் சொல்லியிருக்க வேண்டும், அந்தப் பொய்யில் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

தணிக்கை அறிக்கையான ஏ.டி.டி-02இல் வேறொரு விஷயம் வந்தது. கடை வாடகைக்கும் பொதுச் செலவுக்கும் கட்டிய வரியை முழுவதுமாக வரவு எடுத்திருந்தோம். விற்பனையில் பெரும்பகுதி வரியில்லாத பருப்பு என்பதால் அந்த விகிதத்துக்கு வரவைத் திருப்பியிருக்க வேண்டும். ஆடிட்டர் ஒப்புக்கொண்டார். வட்டியோடு கட்டினோம். முடிந்தது.

ஐயாவின் சிவப்புக் கோடு என்னை இன்னொரு விதியிடம் கொண்டுபோனது. 56ஆம் விதியின் 8ஆம் உட்பிரிவு: பதிவேட்டில் எதையும் அழிக்கவோ மேலே எழுதவோ கூடாது, எழுத்துப்பிழை போன்றவை நீங்கலாக, தவறைக் கோடிட்டு, சான்றொப்பமிட்டு, சரியானதை எழுத வேண்டும், எலெக்ட்ரானிக் கணக்காக இருந்தால் திருத்திய, நீக்கிய ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்க வேண்டும். ஐயாவிடம் வாசித்துக் காட்டியபோது, "இதத்தானம்மா நாங்க நோட்டுல செஞ்சோம்" என்று மட்டும் சொன்னார். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் திருத்தத் தடம் வைக்கும் மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கம்பெனிச் சட்ட விதி வந்தபோது, அது நமக்கில்லை, பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்று கடைத்தெருவில் நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள். ஜி.எஸ்.டி. பதிவு வாங்கிய தனிமனிதர் கடைக்கும் 2017இலிருந்தே அந்தக் கடமை இருக்கிறது. எங்கள் கடையில் எடிட் லாக் உள்ள டேலிக்கு மாறிவிட்டோம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதை அது வைத்துக்கொள்கிறது. ஆனாலும் மாதக் கடைசி உறைகள் நிற்கவில்லை. ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2017–18க்கான கெடு 2020 பிப்ரவரி வரை தள்ளிப்போனதால், அந்த ஓராண்டுக் கணக்குக்கே 2026 பிப்ரவரி வரை பொறுப்பு. மேல்முறையீடு என்று போனால் இன்னும் கூடும். ஒரு ஹார்ட் டிஸ்க்கின் ஆயுளை நம்பி அதை விட முடியாது.

இப்போது தெருவில் யாருக்காவது நோட்டீஸ் வந்தால் அங்கே கணக்கு எழுதும் பெண்கள் எனக்கு போன் செய்கிறார்கள். முதலாளிக்கு அபராதம் வந்தால் தன் வேலை போய்விடுமோ என்ற நடுக்கம் அவர்கள் குரலில் கேட்கும். குறைந்த சம்பளத்தில், தனியாக, ஆங்கில நோட்டீஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் வரி வசூல் அவர்கள் விரல்களில்தான் ஓடுகிறது. அவர்களுக்காக நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பல கடைகளில் தரவை வாங்கிக்கொண்டு 'ஒரு பென் டிரைவ் பெறப்பட்டது' என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள். பின்னால் அதற்குள் என்ன இருந்தது, என்ன இல்லை என்று தகராறு வந்தால் அந்தப் பெண் எதைக் காட்டுவாள்? எங்கள் தணிக்கையில் நான் கேட்டேன் என்பதற்காக அந்த அதிகாரி கூடுதலாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேட்காதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும். தமிழில் அச்சடித்த ஒரு படிவம் போதும்: எந்தக் கம்பெனியின் தரவு, எந்த ஆண்டு, கோப்பின் பெயரும் அளவும், பேக்கப் எடுத்த தேதி, கொடுத்தவர், பெற்றவர் கையெழுத்து. இரண்டு பிரதி. ஒன்று கடைக்கு.